நாலாம் கம்பியின் மூன்று மணிகள்

பழைய மாணவர் ஒன்றுகூடல் என்று போன மாதம் எங்கள் ஊரில் ஒரு விழா நடந்தது. என்னை முன்வரிசையில் இருத்தி, பொன்னாடை ஒன்றைப் போர்த்தி, ‘மூத்த கலைஞர்’ என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கல்முனை வெயிலில் பொன்னாடை போர்த்துவது மரியாதையா தண்டனையா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. வேர்த்து வடிந்துகொண்டே மேடையைப் பார்த்தேன். கிட்டார் வாசித்த தம்பி கண்ணை மூடி, தலையைப் பின்னால் சாய்த்து, உயிரைப் பிழிந்துகொண்டிருந்தார். பாட்டின் நடுவில் மணி அடித்த மாதிரி மூன்று ஒலி வந்தது. அப்பழுக்கில்லாத ஒலி. எனக்கு உடம்பு சிலிர்த்தது. பிறகுதான் கவனித்தேன், தம்பியின் கிட்டாரில் வயரே குத்தியிருக்கவில்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் பொன்னாடையைச் சுருட்டி கக்கத்தில் வைத்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் போனேன்.

“தம்பி, அந்த மணிச் சத்தம் எங்கயிரிந்து வந்த?”

“அது ட்ராக்ல ஓடுது சேர். லெப்டொப்புக்குள்ள இரிக்கி.”

“அப்ப தோளில தொங்குறது?”

“அது லுக்குக்கு, சேர்.”

லுக்குக்கு! அந்த மூன்று மணிக்காக ஒரு காலத்தில் என் தொழிலே போகப் பார்த்தது. அதைத் தம்பியிடம் சொல்ல வாயெடுத்தேன், ஆனால் அவர் அதற்குள் செல்ஃபி எடுக்கப் போய்விட்டார். விழா மலரின் செயலாளர்தான் என்னைப் பிடித்துக்கொண்டார். “இளைஞர்களுக்குப் பிரயோசனமா ரெண்டு பக்கம் எழுதித் தாங்க சேர். சண்டை சச்சரவு ஒண்டும் இல்லாம” என்றார். சண்டை சச்சரவு இல்லாமல் ஒரு இசைக்குழுவைப் பற்றி எப்படி எழுதுவது என்றும் அவரே சொல்லியிருக்கலாம். இரண்டு பக்கத்துக்குள் அடங்காது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நான் கிட்டார் பழகிய கதை யாருக்கும் பிரயோசனமில்லாதது. விரல் நுனித் தோல் உரிந்தது, திரும்ப முளைத்தது, திரும்ப உரிந்தது. உம்மா ஏசினார். வாப்பா ஏசுவதைக்கூட நிறுத்திவிட்டார். அவ்வளவுதான். சொல்ல வேண்டிய கதை தங்கராசா மாஸ்டரின் இசைக்குழுவில் சேர்ந்த பிறகுதான் தொடங்குகிறது.

மாஸ்டர் பாண்டிருப்பைச் சேர்ந்தவர். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவர் என்பதால் பாட்டிலும் மீதி வரக் கூடாது என்பார். சத்தம் போட மாட்டார், கை நீட்ட மாட்டார். பாராட்டு என்ற பழக்கம் அவருடைய பரம்பரையிலேயே கிடையாது. அவரிடம் இருந்தது ஒரே ஒரு வசனம். நாங்கள் வாசித்து முடித்ததும் கண்ணை மூடியபடி சின்ன விரலை மட்டும் தூக்குவார். பிறகு சொல்லுவார்: “எனக்குக் கேக்கல்ல.” அந்த இரண்டு சொல்லைக் கேட்டு ஊரைவிட்டே போன வயலின்காரர் ஒருவர் இருக்கிறார். இப்போது கட்டாரில் நன்றாக இருக்கிறாராம்.

அந்த மணிக்கு ஹார்மொனிக்ஸ் என்று பெயர். மாஸ்டர் மணி என்றுதான் சொல்வார். அதை எடுப்பது சொல்லுவதற்கு லேசு. கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கீற்றுகளை ஃப்ரெட் என்போம். மற்ற வாசிப்புக்கு இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் கம்பியை அழுத்த வேண்டும். மணிக்கு அழுத்தவே கூடாது. ஃப்ரெட்டுக்கு நேர் மேலே கம்பியைத் தொட வேண்டும். அடுப்பில் இருக்கும் பானை மூடி சுடுகிறதா என்று தொட்டுப் பார்ப்போமே, அந்த அளவுதான். வலது கை கம்பியைத் தட்டிய அதே நொடியில் இடது விரல் விலகிவிட வேண்டும். பிந்தினால் மணி நெரிந்து செத்துவிடும். முந்தினால் வெறுங்கம்பி ஊளையிடும். வலது கை, கம்பிகள் முடியும் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் தட்ட வேண்டும். கம்பியின் அதிர்வைப் பிடித்து அம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் பிக்கப்புகளில் அங்கே இருப்பதைத்தான் போட வேண்டும். டோன் திருகியை முழுதாகத் திறக்க வேண்டும். மற்ற ஐந்து கம்பிகளையும் உள்ளங்கை ஓரத்தால் அடக்கி வைக்க வேண்டும், விட்டால் அவையும் கூட்டத்தோடு சேர்ந்து கத்தும். இத்தனையும் சரியாகச் செய்தாலும் கம்பி சுத்தமில்லை என்றால் மணி விழாது.

கம்பி சுத்தம் என்பது எங்கள் கரையில் பெரிய பாடு. கடற்காற்று பட்டால் தாச்சிச் சட்டியும் துருப்பிடிக்கும், தாழ்ப்பாளும் துருப்பிடிக்கும், கிட்டார்க் கம்பி எம்மாத்திரம்? ஆகவே மாஸ்டர் ஒரு சடங்கு வைத்திருந்தார். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அவர் வீட்டில் ஒத்திகை. ஒத்திகைக்கு முன் அலுமாரியைத் திறந்து ஸ்பிரிட் போத்தலை எடுப்பார். அலுமாரிக்குப் பூட்டு உண்டு. ட்ரம்ஸ் அடிக்கும் யோகன் எதைக் கண்டாலும் குடித்துவிடுவார் என்ற பயம் மாஸ்டருக்கு. துணியை ஸ்பிரிட்டில் நனைத்து, ஒவ்வொரு கம்பியாக, மேலும் கீழும் நாங்களே துடைக்க வேண்டும். பிறகு அம்ப்ளிஃபயரைப் போடாமல் மணியை அடிக்கச் சொல்லி, கிட்டாரின் மரத்தில் காதை வைத்துக் கேட்பார். மரத்தில் கேட்காத மணி மின்சாரத்திலும் கேட்காது என்பது அவருடைய கட்சி.

எங்கள் குழுவின் ஒவ்வொரு நிகழ்ச்சியும் அந்த மணியோடுதான் தொடங்கும். நாலாம் கம்பியில் பன்னிரண்டாவது ஃப்ரெட், பிறகு ஏழு, பிறகு ஐந்து. முதல் மணி உருண்டையாக வரும், இரண்டாவது மெலிந்து வரும், மூன்றாவது ஊசி மாதிரி மேலே போகும். அந்த மூன்றாவது மணி விழுந்த பிறகுதான் யோகன் ட்ரம்ஸைத் தொடலாம். சனம் அந்த இடைவெளியில் கதையை நிறுத்தும். கடலைக்காரர்கூடப் பையைச் சுருட்டுவதை நிறுத்துவார். அந்த அமைதியை உண்டாக்குகிறவன் நான் என்ற திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

இப்படி இருக்கும்போது எனக்குக் கலியாணம் நடந்தது. எங்கள் பக்கத்து வழக்கப்படி நான்தான் பெண் வீட்டுக்குப் போய்க் குடியிருந்தேன். மனைவி பரீதா. மாமாவுக்கு நெல் மில். மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஆனால் அவரை நான் அதிகம் பார்த்ததில்லை. மருமகனுக்கு முன்னால் வருவதில்லை, மருமகனோடு நேரே கதைப்பதில்லை என்பது அந்த வீட்டு மரியாதை. மாமி கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்லுவார், நான் கேட்கும்படி. நானும் பரீதாவிடம் பதில் சொல்லுவேன், மாமி கேட்கும்படி. ஒரே வீட்டில் மூன்று பேர் வானொலி நிலையம் நடத்தின மாதிரி இருக்கும்.

அந்த வீட்டில் ஓர் அதிசயத்தைக் கண்டேன். என் கிட்டார்க் கம்பி துருப்பிடிக்கவே இல்லை. வாரக் கணக்கில் பளபள என்று இருந்தது. “பொண்டாட்டி வீட்டு ராசிடா” என்று யோகனிடம் பீற்றிக்கொண்டேன். ஆனால் அதே மாதத்தில் மணி சாகத் தொடங்கியது.

செவ்வாய்க்கிழமை மாஸ்டர் வீட்டில் மூன்று மணியும் கணீர் என்று விழும். சனிக்கிழமை மேடையில் முதல் மணி இருமும், இரண்டாவது மணி முனகும், மூன்றாவது வராது. சம்மாந்துறையில் ஒரு நிகழ்ச்சியில் மூன்றாவது மணிக்காக யோகன் குச்சியைத் தூக்கியபடி காத்திருந்தார். சனம் காத்திருந்தது. மாஸ்டர் காத்திருந்தார். நான் திரும்பத் திரும்பத் தட்டினேன், டொக் டொக் என்று கதவு தட்டுகிற சத்தம் வந்தது. கூட்டத்திலிருந்து ஒருவர் “ஆருப்பா, உள்ள வாங்க” என்றார். அந்தச் சிரிப்பு இன்றும் என் காதில் இருக்கிறது.

அதன்பிறகு ஆளுக்கொரு வைத்தியம். நான் வயரை மாற்றினேன். பிக்கப்பைக் கழற்றி, இறக்கி, ஏற்றிப் பார்த்தேன். யோகன் கண்ணூறு என்றார். மாஸ்டர், நான் கம்பி துடைத்த துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதில் கறுப்பும் பிசுபிசுப்பும் இருந்தன.

“தலைக்கு எண்ண வெச்ச கையோட கம்பியத் தொடாத தம்பி.”

அன்றிலிருந்து நான் தலைக்கு எண்ணெய் வைப்பதை விட்டேன். முடி வைக்கோலாய்ப் போனது. கதவுக்குப் பின்னால் மாமியின் கவலை கேட்டது: “மாப்புள்ள தலைக்கி எண்ண வெக்கிறாரில்ல புள்ள. என்ன கொறையோ, கேட்டுப் பாரு.” எனக்கென்ன குறை என்று நான் எப்படிச் சொல்வேன்? மணி இன்னும் சாகத்தான் செய்தது.

மாமாதான் உண்மையான காரணத்தைக் கண்டுபிடித்தவர். அதாவது, கண்டுபிடித்ததாக அவர் நினைத்தார். நான் வீட்டில் வாசித்துப் பார்ப்பதை ஹோலில் சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

“மகன், புதன்கிழமை நல்லாக் கேக்குது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சி வந்து பாத்தா கட்டயத் தட்டுற மாதிரி. வெள்ளிக்கிழமை பாத்து சத்தம் போவுதெண்டா என்ன அர்த்தம்? அல்லாஹ் சொல்றான், அத உட்டுட்டு மில்லுக்கு வாங்கெண்டு.”

மாமாவின் மில்லில் மூட்டை தூக்கும் இடத்தில் ஆள் பற்றாக்குறை என்பதை அல்லாஹ் எப்படி இவ்வளவு சரியாக அறிந்திருந்தான் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றே பெட்டியைக் கட்டியிருக்க வேண்டும். இத்தனைக்கும் எங்கள் நிகழ்ச்சி நடக்கும் இடத்திலெல்லாம் கூட்டத்தின் கடைசியில் தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு நிற்பவர் அவர். அவருடைய நடை இருட்டிலும் எனக்குத் தெரியும்.

அப்போதுதான் ஒலுவில் நிகழ்ச்சி வந்தது. விளையாட்டுக் கழகமொன்றின் விழா, பின்னேரம், கடற்கரை மைதானம், பெரிய அரசியல்வாதி ஒருவர் வருகிறார். செவ்வாய்க்கிழமை மாஸ்டர் அலுமாரியைத் திறந்து, தன்னிடம் இருந்த கடைசிப் புதுக் கம்பிக் கட்டை எடுத்துத் தந்தார். கொழும்பிலிருந்து பஸ்ஸில் வர வேண்டிய பொருள் அது. அது யுத்த காலம், பாதை திறந்தால் வரும், மூடினால் வராது. நான் அவர் முன்னாலேயே பூட்டினேன். மூன்று மணியும் கண்ணாடி மாதிரி விழுந்தன. மாஸ்டர் மரத்திலிருந்து காதை எடுத்தார்.

“கம்பியில பிழையில்ல. கிட்டாரிலயும் பிழையில்ல. உனக்கு மேடையில கை நடுங்குது. சனிக்கிழமை மணி விழல்லயெண்டா மட்டக்களப்பிலயிருந்து வேற பொடியன் வருவான். நான் கதைச்சிட்டன்.”

வீட்டுக்கு வந்தால் மாமா. “இந்த முறையும் போச்செண்டா மறுகா மில்லுதான் மகன், என்ன?”

நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்வது? எனக்கு அழுகை வந்தது. தவிட்டுத் தூசிக்குள் மூட்டை எண்ணிக்கொண்டு நிற்கும் என்னை நினைத்துப் பார்த்தேன். மில் வேலை கேவலமில்லை, எத்தனையோ பேர் அதில் பிழைக்கிறார்கள். ஆனால் கிட்டார் இல்லாவிட்டால் நான் யார் என்பது எனக்கே தெரியாது. அவ்வளவு மோசமான நிலையில் இருந்தேன்.

வியாழக்கிழமைப் பின்னேரங்களில் நான் அக்கரைப்பற்றுக்குப் போய்ச் சில பிள்ளைகளுக்கு அவர்களுடைய கிட்டாரிலேயே சொல்லிக் கொடுப்பது வழக்கம். அன்று ஹர்த்தால். யார் எதற்காக அறிவித்தார்கள் என்று ஞாபகமில்லை, எங்கள் பக்கத்தில் ஹர்த்தாலுக்குக் காரணம் கேட்பதும் மரியாதையில்லை. பஸ் நிலையம்வரை போய்த் திரும்பி வந்தேன். பரீதா கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். பின்பக்கத்தால் வந்து, அறையில் கட்டிலில் விழுந்து, போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் அறைக்குள் யாரோ வரும் சத்தம் கேட்டது. ஓரக்கண்ணால் பார்த்தேன். மாமி. நான் அக்கரைப்பற்றில் இருப்பதாக நினைத்துத்தான் வந்திருக்கிறார். இருட்டு மூலையில் கிடந்த என்னைப் பார்க்கவில்லை. ஒரு கையில் தேங்காயெண்ணெய்ப் போத்தல், மறு கையில் பழைய சாரன் துணி. வெள்ளிக்கிழமைக்கு முன்னால் வீட்டைத் துப்புரவாக்கும் நாள் அது. முதலில் தையல் மெசினுக்கு எண்ணெய் போட்டார். பிறகு கத்தரிக்கோலுக்கு. பிறகு அலுமாரிப் பூட்டுக்கு. கடற்காற்றிலிருந்து வீட்டின் இரும்பையெல்லாம் காப்பாற்றும் வேலையை அந்த மனிசி எத்தனை வருடமாகச் செய்கிறாரோ, அந்த லாவகத்திலேயே தெரிந்தது. பிறகு என் கிட்டார்ப் பெட்டியைத் திறந்தார்.

“பிஸ்மில்லாஹ்” என்று சொல்லிவிட்டு ஆறாம் கம்பியில் தொடங்கினார்.

நான் எழும்பியிருக்க வேண்டும், கத்தியிருக்க வேண்டும். ஆனால் மருமகன் படுத்திருக்கும் அறைக்குள் தான் வந்துவிட்டது தெரிந்தால் அந்த மனிசி வெட்கத்தில் செத்துவிடுவார். வாழ்நாளில் என் முகத்தை நேரே பார்த்திராதவர் அவர். நான் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவது போலக் கிடந்தேன். என் தொழிலுக்கு ஒருவர் ஒவ்வொரு கம்பியாக, அடியிலிருந்து நுனிவரை, சுற்றிச் சுற்றி எண்ணெய் பூசுவதைக் காதால் கேட்டுக்கொண்டே கிடந்தேன். தடித்த கம்பிகளில் சுற்றியிருக்கும் சின்னச் சுருளுக்குள் எல்லாம் எண்ணெய் இறங்கும்வரை அழுத்தித் தேய்த்தார். பிறகு வழிந்ததைத் துடைத்து, பளபளக்க வைத்து, பெட்டியை மூடினார். போகும்போது கதவுப் பிணைச்சலுக்கும் இரண்டு சொட்டு விட்டார்.

செவ்வாய்க்கிழமை ஸ்பிரிட் எடுப்பதை வியாழக்கிழமை மாமி திருப்பிப் பூசிக்கொண்டிருந்திருக்கிறார். வீடே தேங்காயெண்ணெய் மணக்கும்போது ஆறு கம்பி தனியாக மணப்பதை எந்த மூக்குப் பிரித்துச் சொல்லும்? பொண்டாட்டி வீட்டு ராசி என்று நான் பீற்றிக்கொண்ட பளபளப்பு இதுதான்.

மாமி போனதும் பரீதாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு அவருடைய முகம் மாறியது.

“இஞ்சருங்க, உம்மாட்ட மட்டும் சொல்லிராதீங்க. ஒங்கட சாமானப் பழுதாக்கின எண்டு தெரிஞ்சா அவ சோறு தின்ன மாட்டா.”

“அப்ப நான் மில்லுக்குப் போறதா?”

“அதுவும் வேணா. வேற வழி பாருங்க.”

ஸ்பிரிட் வாங்கப் பாமசிக்கு ஓடினேன். ஹர்த்தாலில் கதவு பாதி திறந்திருந்தது, உள்ளே ஸ்பிரிட் முழுதாக முடிந்திருந்தது. மாஸ்டரிடம் போய்க் கேட்கலாம். ஏன் என்று கேட்பார். இரண்டு நாளில் புதுக் கம்பியை என்ன செய்தாய் என்பார். அங்கே போகக் கால் வரவில்லை. மிஞ்சியது ஒரே வழிதான், கம்பியை அவிப்பது.

வெள்ளிக்கிழமை பகல் சாப்பாடு முடிந்து மாமாவும் மாமியும் சரிந்த பிறகு, ஆறு கம்பிகளையும் கழற்றி, வட்டமாகச் சுருட்டி, சவர்க்காரத் தூள் போட்ட தண்ணீரில் இறக்கினோம். பரீதா அகப்பையால் கிண்டினார். கம்பிகள் இடியப்பம் மாதிரிச் சுருண்டு புரண்டன. சுவருக்கு அந்தப் பக்கம் மாமி விழித்துவிட்டார்.

“அடுப்பில என்ன புள்ள?”

“அவருக்குக் கசாயம் உம்மா. நெஞ்சு சரியில்லயாம்.”

“சூடாறாமக் குடிக்கச் சொல்லு. மிச்சம் வெக்கப் படாது.”

மிச்சம் வைக்காமல் அவித்து, துடைத்து, வெயிலில் காயவைத்து, திரும்பப் பூட்டினேன். அவித்த கம்பி நொய்ந்துவிடும், முறுக்கினால் அறுந்துவிடும் என்ற பயம் வேறு. ஒவ்வொரு கம்பியையும் பிள்ளைக்குக் காது குத்துகிற மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏற்றினேன்.

சனிக்கிழமை ஒலுவில். கடற்காற்று முகத்தில் அடித்தது. அரசியல்வாதி வழக்கம்போலப் பிந்தினார், வழக்கம்போல அதற்காக எல்லாரும் அவருக்கு நன்றி சொன்னார்கள். மேடைக்குப் பின்னால் மாஸ்டர் என் கிட்டாரை வாங்கி மரத்தில் காதை வைத்தார். நான் நாலாம் கம்பியைத் தொட்டேன். மாஸ்டரின் மூக்கு சுருங்கியது.

“சவர்க்காரம் மணக்குது.”

ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். மாமி, எண்ணெய், கட்டில், கசாயம், எல்லாம். மாஸ்டர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய வயிறு மட்டும் குலுங்கியது. முகத்தில் சிரிப்பு ஏறவில்லை, ஏறவிட்டால் மரியாதை போய்விடும் என்று நினைத்தாரோ என்னவோ.

“உன்ட மாமி எண்ண பூசின மாதிரி நீ ஒரு நாளாவது ஒழுங்கா வாசிச்சிருந்தா நான் ஏன் மட்டக்களப்புக்குப் போறன்? போ. ஏறு.”

மேடையில் கடைசியாகச் சுருதி சேர்க்கும்போது ஆறாம் கம்பி ‘டங்’ என்று அறுந்து என் கன்னத்தில் அடித்தது. குனிந்து பார்த்தேன். நாலாம் கம்பி இருந்தது. கூட்டத்தின் கடைசியில், தலையில் துவாயோடு, எனக்குத் தெரிந்த ஒரு உருவம் நின்றது.

பன்னிரண்டைத் தொட்டேன். மணி உருண்டு போனது. ஏழைத் தொட்டேன். மெலிந்து எழுந்தது. கடலைக்காரர் பையைச் சுருட்டுவதை நிறுத்தினார். ஐந்தைத் தொட்டு, விரலை எடுத்தேன். அந்த மணி மைதானத்தின் மேலாகப் போய்க் கடலுக்குள் இறங்கியது. யோகனுக்கு ட்ரம்ஸ் அடிக்க மறந்துபோனது. மாஸ்டர் அவருடைய முதுகில் ஒரு குத்துக் குத்தினார். பிறகுதான் நிகழ்ச்சி தொடங்கியது.

வீட்டுக்கு வந்ததும் மாமா சொன்னார்: “நான் துஆக் கேட்டன் மகன். அதான் விழுந்த.” தான் அங்கே வந்ததைச் சொல்லவில்லை. மில் பேச்சை அதன்பிறகு எடுக்கவும் இல்லை. மணி விழுந்தது எப்படி என்று எனக்கும் பரீதாவுக்கும் மாஸ்டருக்கும் மட்டும் தெரியும்.

ஆனால் அடுத்த வியாழக்கிழமை வருமே. மாமியிடம் சொல்ல முடியாது, எண்ணெயைத் தடுக்கவும் முடியாது. மாஸ்டரே ஒரு வழி சொன்னார். என் கிட்டார் இனிப் பாண்டிருப்பில், அவருடைய அலுமாரிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். வீட்டுப் பெட்டிக்குள் வைப்பதற்குக் கல்முனைக் கடையொன்றில் பிக்கப் செத்த பழைய கிட்டார் ஒன்றை வாங்கினேன். கொழும்பிலிருந்து புதுக் கம்பி வந்ததும், அவித்த கம்பிகளில் மிஞ்சிய ஐந்தை அதில் பூட்டினேன். மாமி அதற்கு வியாழன்தோறும் எண்ணெய் பூசினார். நான் சனிதோறும் வெறுங்கையோடு பாண்டிருப்புக்குப் போய், உண்மையான கிட்டாரோடு மேடை ஏறினேன். ஒரு தொழில் வாழ்க்கை முழுக்க இப்படியே போனது. இதைப் போல் ஒரு தந்திரத்தை யாரும் செய்ததில்லை என்று பரீதாவிடம் அடிக்கடி பெருமையடித்திருக்கிறேன்.

மாமா மௌத்தாகிவிட்டார். மாஸ்டரும் போய்விட்டார். நானும் வாசிப்பதை நிறுத்தினேன். மாஸ்டரின் மகன் வீட்டைத் திருத்தப் போவதாகச் சொன்னதால் என் கிட்டாரை வீட்டுக்குக் கொண்டுவந்து பழைய பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். விழாவில் போர்த்திய பொன்னாடையை அதன்மேல் போட்டு மூடினேன், அதற்காவது அது உதவட்டும். அன்று வியாழக்கிழமை என்பதை நான் யோசிக்கவில்லை.

பின்னேரம் ஹோலில் கதிரையில் இருந்தேன். மாமிக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, ஆனால் கதவுக்குப் பின்னால் நிற்கும் வழக்கம் மாறவில்லை. எண்ணெய்ப் போத்தல் நிலத்தில் வைபடும் சத்தம் கேட்டது.

“புள்ள, மாப்புள்ளட்ட கேளு. இனி ரெண்டு கிட்டாருக்கும் பூசுறதா, இல்லாட்டி அந்த அஞ்சு கம்பிக்கி மட்டுமா?”

பரீதா என்னைப் பார்த்தார். நான் பரீதாவைப் பார்த்தேன்.

“உம்மா, ஒங்களுக்கு எப்ப தெரியும்?”

“அந்தக் கிட்டார் வந்த அண்டைக்கே தெரியும். தொட்டுத் தொட்டுப் பூசுற எனக்குக் கம்பி எத்தினயெண்டு தெரியாதா? ஒரு கம்பி இல்லாத கிட்டார வெச்சி யாரு புள்ள குடும்பம் நடத்துற?”

“மறுகா ஏன் உம்மா இவ்வளவு காலமும் பூசினீங்க?”

கதவுக்குப் பின்னால் எண்ணெய்ப் போத்தலின் மூடியைத் திருகும் சத்தம் கேட்டது.

“நான் நிப்பாட்டினா எனக்கு வெளங்கிட்டெண்டு மாப்புள்ளைக்குத் தெரிஞ்சி போகும். பாவம், வெக்கப்படுவாரு.”

எனக்கு முகம் சுட்டது. மருமகன் நேரே பதில் சொல்லக் கூடாது, அது இந்த வீட்டு மரியாதை. கதிரையில் சாய்ந்து, கண்ணை மூடி, தூங்குவது போல இருந்துவிட்டேன்.